வேகத்தை ஆளும் சிறு கருவி

ராஜகிரியின் அடிவாரத்திலே, செஞ்சி நகரின் அரிசி ஆலைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் மின்சாரம் தடைப்பட்டதும் உறுமத் தொடங்கும் டீசல் ஜெனரேட்டர்கள், நான்கு துருவம் உடையவையாயின், நிமிஷத்துக்கு 1500 சுற்று என்ற கணக்கில் சுழன்றால்தான் நம் நாட்டுக்குரிய 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கிடைக்கும். சுமைக்குத் தக்கபடி டீசலைக் கூட்டியும் குறைத்தும் அவ்வேகத்தைக் காப்பது கவர்னர் என்னும் உறுப்பு. 1788-இல் ஜேம்ஸ் வாட் நீராவி யந்திரத்தில் பிரயோகித்த சுழல் குண்டுகளே இதன் மூதாதை. முழுச் சுமையில் வேகம் நாலைந்து சதவீதம் தணிவது பழைய வகைக் கவர்னருக்குச் சுபாவமேயன்றி வியாதியல்ல.

ஆனால் விளக்குகள் மங்கியும் பிரகாசித்தும், எஞ்சின் மூச்சிரைப்பதுபோல் ஏறி இறங்கியும் ஓடுமானால் (மெக்கானிக்குகள் இதை ‘ஹண்டிங்’ என்பார்கள்), உடனே கவர்னரின் ஸ்க்ரூவைத் திருகத் துணிவது அவசரபுத்தி என்றே சொல்வேன். டீசல் பில்டர் அடைத்திருக்கிறதா, குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறதா என்று முதலில் பார்த்து, பில்டரின் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தால், நுரைத்து வரும் டீசல் சிறிது நேரத்தில் குமிழியின்றித் தெளிந்து ஒழுகும். அதற்கும் அடங்காவிடில், எஞ்சினை நிறுத்தி, எஞ்சினுக்கு டீசலைச் செலுத்தும் பம்பின் ரேக்கும் இணைப்புக் கம்பியும் தடையின்றி நகர்கின்றனவா என்று விரலால் தள்ளிப் பார்க்க வேண்டும்; தளர்ந்த ஸ்பிரிங்கும் தேய்ந்த இணைப்பாணியும் அப்புறம் வரும் சந்தேகங்கள். மின்னணுக் கவர்னராயின் வேகத்தை அறியும் சென்சாரின் நுனியில் இரும்புத்தூள் படிந்திருக்கக்கூடும்.

சுமை இறங்கியதும் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறுமானால் ஆராய்ச்சிக்கு அவகாசமில்லை. டீசலை உடனே நிறுத்திவிட வேண்டும்.