நேசமணியை எது வாழவைத்தது?

2019 மே மாதம். கட்டுமானப் பொறியியல் சார்ந்த ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படம் ஒன்று வந்தது. 'உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்?' என்பது கேள்வி. தமிழர் ஒருவர் பதில் போட்டார்: இதன் பெயர் சுத்தியல், அடித்தால் 'டங் டங்' என்று சத்தம் வரும், பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் மண்டையை உடைத்தது இதுதான், பாவம் மனுஷன். உடனே இன்னொருவர், அவர் இப்போது நலமா என்று விசாரித்தார். அவ்வளவுதான். நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லும் ஹேஷ்டேக் ட்விட்டரில் உலக அளவில் டிரெண்டானது.

நேசமணி, 2001இல் வெளிவந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு ஏற்ற வேடம். மேலிருந்து விழும் சுத்தியல் அவர் தலையைப் பதம் பார்க்கும். படம் பார்த்தவர்களுக்கு அந்தப் பதிலில் பாதி ஏற்கெனவே மனப்பாடம். மற்றவர்களுக்கு அது விபத்துச் செய்தி. யார் இந்த நேசமணி, என்ன ஆயிற்று என்று அவர்கள் கேட்கக் கேட்க, தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு கூடிக்கொண்டே போனது.

ஒரு ஜோக் 'நமக்குள் மட்டும்' என்று ஆவது இப்படித்தான். சொல்பவர் பாதியை விட்டுவிடுகிறார். கேட்பவர் தன் நினைவிலிருந்து மீதியைப் போட்டு நிரப்புகிறார். அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் டெட் கோஹன் இப்படிப்பட்டவற்றை நிபந்தனை ஜோக்குகள் என்றார். ஒன்றைத் தெரிந்திருந்தால்தான் சிரிக்க முடியும். சேர்ந்து சிரித்துவிட்டால் இருவருக்கும் நெருக்கம் கூடுகிறது. விளக்கிச் சொன்னால் புரியும், ஆனால் சிரிப்பு வராது. நாமே நிரப்ப வேண்டிய இடத்தை வேறொருவர் நிரப்பிவிடுகிறார் அல்லவா?

சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் புரோவைனும் இதையொட்டிய ஒன்றைக் கண்டார். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறோம். அதுவும் பெரும்பாலும் ஜோக்குக்கு அல்ல, சாதாரணப் பேச்சுக்கு. சிரிப்பு என்பது 'நானும் உன் கூடத்தான்' என்று காட்டும் சைகை.

இப்படி 'நமக்குள் மட்டும்' சொன்ன ஜோக் ஒன்று வழிதவறிப்போன கதையும் உண்டு. 1982இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், லிஃப்ட்டில் பாதரசம் வைத்தால் என்னாகும் என்ற இயற்பியல் புதிரைக் கணினி அறிவிப்புப் பலகையில் அலசிக்கொண்டிருந்தார்கள். அதைக் கிண்டலடித்து ஒருவர், லிஃப்ட்டில் பாதரசம் சிந்திவிட்டதாக எச்சரிக்கை எழுதினார். முந்தைய பேச்சைப் படிக்காத சிலர் நிஜமென்று நம்பிவிட்டார்கள். ஜோக்குக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன் :-) என்ற குறியை முன்வைத்தார். ஸ்மைலி பிறந்தது.

நேசமணி ஜோக்குக்கோ ஸ்மைலி தேவைப்படவில்லை. பலரும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு உடல்நலம் விசாரித்தார்கள். ஒருவர் தொடக்கத்திலேயே அந்தக் குறியைப் போட்டிருந்தால் நேசமணி அப்போதே பிழைத்திருப்பார், ஜோக் செத்திருக்கும்.