நாய்க்குட்டிகளின் தொப்புள் குடலிறக்கம்

பாம்பன், மண்டபம் முதலிய இடங்களிலும் இராமநாதபுரம் சீமையின் பிற கிராமங்களிலும், ஆட்டுக்கிடைக்கும் களத்திற்கும் காவலாக நாய்க்குட்டி வாங்குவோர் அதன் நிறத்தையும் காதையும் நோக்குவதோடு வயிற்றையும் தடவிப் பார்த்தல் அவசியம்.

தொப்புட்கொடி சென்ற துவாரம் பிறந்தபின் தானே மூடிக்கொள்ள வேண்டும். அங்ஙனம் மூடாதவிடத்துக் கொழுப்போ குடலோ வெளித்தள்ளி, தொப்புளில் மிருதுவான வீக்கம் உண்டாகிறது. சுண்டுவிரல் நுனியளவான சிறு வீக்கம் பெரும்பாலும் ஆறு மாதத்திற்குள் மறைந்துவிடும். பெரிதாயின் மிருக வைத்தியரைக் கொண்டு சஸ்திர சிகிச்சை செய்விப்பதே முறை. காசு வைத்துத் துணியால் இறுகக் கட்டுவதனாற் பயனில்லை, தோல்தான் புண்ணாகும். வீக்கம் கடினமாகி, சூடும் நோவும் கண்டு, குட்டி வாந்தியெடுக்குமாயின், குடல் நெருக்குண்டதென்று அறிந்து அன்றே வைத்தியரிடம் கொண்டு செல்க. தாமதித்தால் உயிர் போகும்.

இக்குறை பெரும்பாலும் பரம்பரையாக வருவது. ஆகையால் குறையுள்ள நாயை, ஆணாயினும் பெண்ணாயினும், இனவிருத்திக்கு விடலாகாது. 1985 வரை இராமநாதபுரம் ஜில்லாவிற்கு உட்பட்டிருந்த இராஜபாளையத்தின் பெயர் பெற்ற வேட்டைநாய்க்கும் இவ்விதி பொருந்தும். வாங்குவோர் தாயை நேரிற் காண்க; உடன்பிறந்த குட்டிகளின் தொப்புளையும் சோதிக்க. இவ்விரண்டிற்கும் இணங்காதவனிடம் வாங்காதொழிக.

2017-ஆம் வருஷத்திய மத்திய சர்க்கார் விதிகளின்படி எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்றலாகாது. இனவிருத்தி செய்து விற்போர் மாநிலப் பிராணி நல வாரியத்திற் பதிவு பெறவேண்டும். கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைப்பார்களாக.