உங்களுக்குத் தெரியுமா? திருச்சிக்கு அரிசி போன வழி

திருச்சி முற்றுகை என்றால் பாடப்புத்தகத்தில் ராபர்ட் கிளைவ் வருவார், ஆற்காடு வரும், அத்தோடு பாடம் முடிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் நடந்த அந்தச் சண்டையில் கோட்டைக்குள் இருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டால், விடை புதுக்கோட்டைச் சீமையில் இருக்கிறது.

● திருச்சிச் சண்டை ஒரு நாற்காலிச் சண்டைதான்; பதினெட்டாம் நூற்றாண்டில் அது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. ஸ்பெயின் அரியணைக்கு யார் வாரிசு என்ற போரில், ஓராண்டுக்கு மேல் முற்றுகை தாங்கிய பார்சிலோனா நகரம் 1714 செப்டம்பர் 11 அன்று விழுந்தது. தோற்ற அந்த நாளைத்தான் கத்தலோனிய மக்கள் இன்றும் தங்கள் தேசிய நாளாகக் கொண்டாடுகிறார்கள். திருச்சி அப்படி விழவில்லை. அதனால்தானோ என்னவோ, நாம் எந்த நாளையும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

● ஆற்காட்டு நவாபு பதவிக்கு இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள். பழைய நவாபு தோஸ்து அலியின் மருமகன் சந்தா சாகிபு ஒருவர். அவருக்குப் பின்னால் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள். இன்னொருவர் முகமது அலி. இவருடைய தந்தை அன்வருத்தீன் 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ச் சண்டையில் கொல்லப்பட, மகன் தப்பி ஓடிவந்து புகுந்த இடம்தான் திருச்சிக் கோட்டை. ஆங்கிலேயர் அவர் பக்கம் நின்றார்கள். 1751ல் சந்தா சாகிபு கோட்டையைச் சூழ்ந்தபோது முகமது அலியிடம் மிஞ்சியிருந்தது பெரும்பாலும் அந்த ஒரு நகரம்தான்.

● அப்போது புதுக்கோட்டையை ஆண்டவர் விஜய ரகுநாதராய தொண்டைமான். முற்றுகை என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாட்டனாருக்குப் பிறகு பட்டம் யாருக்கு என்ற தகராறில் சொந்தச் சிற்றப்பன்மாரை வென்று, 1730ல் குடுமியான்மலைக் கோயிலில் முடிசூடியவர். மூன்றே ஆண்டில், 1733ல், தஞ்சாவூர் மராட்டியரின் தளபதி ஆனந்தராவ் படையோடு உள்ளே நுழைந்தார். சீமை முழுவதும் போய்விட்டது. மிஞ்சியது திருமயம் கோட்டை ஒன்று. தொண்டைமான் அதற்குள் புகுந்து ஏறக்குறைய ஓராண்டு தாக்குப்பிடித்தார். கடைசியில் தஞ்சைப் படைதான் அலுத்துத் திரும்பியது.

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிச் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் அந்தக் கோட்டை வரும். கட்டியவர் ராமநாதபுரம் கிழவன் சேதுபதி, 1687ல். ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு சுற்று மதில் இருந்ததாம். இன்று நான்குதான் தெரிகிறது. குன்றின் உச்சியில் ஒரு பீரங்கி நிற்கிறது. அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைக் கோயில்கள். ஊரார் வாயில் இது 'ஊமையன் கோட்டை'. கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரையின் கதை 1733ஆம் ஆண்டுக் கதையை அமுக்கிவிட்டது. நம் பக்கத்துச் சுற்றுலாப் பலகைகளில் இது ஒரு குறைதான்.

● திருச்சி முகமது அலிக்கு உதவ 1752ல் மைசூர், மராட்டியத் தலைவர் முராரிராவ், தஞ்சாவூர் என்று பலரும் வந்து சேர்ந்தார்கள். தொண்டைமான் அனுப்பியது 400 குதிரைப்படையும் 3,000 காலாட்களும். மற்றவர்களின் கூட்டத்தோடு ஒப்பிட்டால் சிறிய படைதான். அவருடைய பெரிய உதவி வேறு விதமானது. அதைப் பிறகு சொல்கிறேன்.

● நிலைமை தலைகீழானது. முற்றுகையிட வந்த பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிபும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சீரங்கம் தீவில் மாட்டிக்கொண்டார்கள். கோயில் மதில்களே அவர்களுக்கு அரண். 1752 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லா சரணடைந்தார். தஞ்சைத் தளபதி மானோஜியை நம்பிப் போன சந்தா சாகிபின் தலை வெட்டப்பட்டது. ஆனால் சீரங்கம் கோயிலுக்குள் இருந்த சுமார் ஆயிரம் ராஜபுத்திர வீரர்கள் மட்டும் வெளியே வர மறுத்தார்கள். மூன்றாம் திருச்சுற்றுக்குள் யாராவது கால் வைத்தால் வெட்டிப்போடுவோம் என்றார்கள். வென்றவர்கள் அந்தச் சுற்றைத் தாண்டவில்லை.

● அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் உதவிக்கு வந்தால் திருச்சியையே தருகிறேன் என்று மைசூரின் நஞ்சராஜனுக்கு முகமது அலி ரகசியமாக வாக்குக் கொடுத்திருந்தார். காரியம் முடிந்ததும் கையை விரித்தார். நேற்றைய கூட்டாளி இன்று பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து கோட்டையைச் சூழ்ந்தார். இரண்டாவது முற்றுகை தொடங்கியது.

● கோட்டைக்குள் காவலிருந்த ஆங்கிலேயத் தளபதி டால்டன் 1753 ஏப்ரலில் தானியக் களஞ்சியத்தைத் திறந்து பார்த்தார். நெஞ்சு அடைத்துப்போனது. நவாபின் மைத்துனர், விலை ஏறியிருக்கும் நேரம் பார்த்து, இருப்பை ஓசைப்படாமல் விற்றுக் காசாக்கியிருந்தார். எஞ்சியது சில வாரங்களுக்கே போதும். பீரங்கியால் விழாத கோட்டை ஒரு மைத்துனரால் விழுந்திருக்கும்! அவசர ஓலை கிடைத்த ஆங்கிலேயப் படைத்தலைவர் மேஜர் லாரன்ஸ், கடலூர்ப் பக்கத்திலிருந்து படையோடு விரைந்து மே மாதத் தொடக்கத்தில் திருச்சி வந்து சேர்ந்தார்.

● படை வந்துவிட்டது, சரி. அதற்கும் சேர்த்து அரிசி? வடக்கே ஆற்றங்கரையில் எதிரி. சமவெளியில் மைசூர்ப் படையும், அதனோடு சேர்ந்துவிட்ட முராரிராவின் மராட்டியக் குதிரைப்படையும். திறந்திருந்தது தெற்கிலும் தென்கிழக்கிலும் இருந்த முட்காடு ஒன்றுதான். ஆங்கிலேயர் தங்கள் குறிப்புகளில் 'தொண்டைமான் காடு' என்று எழுதியது அதைத்தான். குதிரை அதற்குள் ஓட முடியாது. வழி தெரியாதவன் நுழைந்தால் திரும்ப முடியாது. குளத்தூர்ப் பக்கத்துக் குடியானவர்கள் இரவில் சிறு சிறு மூட்டைகளாக அரிசியைத் தலைச்சுமையில் கொண்டுபோய்ப் பாசறையில் சேர்த்தார்கள். பெரிய அளவில் வந்தால் காளைமாட்டுப் பொதி; அதற்குத் துணையாகப் படை போக வேண்டும். தஞ்சையிலிருந்தும் தொண்டைமான் சீமையிலிருந்தும் திரட்டிய தானியத்தைக் காட்டோரம் கிள்ளனூரிலும் கிள்ளுக்கோட்டையிலும் சேர்த்துவைத்து, அங்கிருந்து சமயம் பார்த்து நகர்த்தினார்கள். சண்டையில் செத்தவர்களுக்குக் கல்லறை உண்டு, பதிவு உண்டு. மூட்டை சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை.

● 1753 நவம்பர் இறுதியில் ஓர் இரவு, பிரெஞ்சு வீரர்கள் ஏணி வைத்துக் கோட்டையின் வெளி மதிலில் ஏறி 'டால்டன் பேட்டரி' என்ற பீரங்கி மேடையைப் பிடித்துவிட்டார்கள். சத்தமில்லாமல் உள் மதிலுக்குப் போயிருந்தால் திருச்சி அன்றே கைமாறியிருக்கும். வெற்றிக் களிப்பில் பிடித்த பீரங்கியைத் திருப்பிச் சுட்டார்கள். ஊரே விழித்துக்கொண்டது. விடிந்தபோது முந்நூறுக்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர்கள் கைதிகள்.

● மாட்டுப்பொதி எப்போதும் பத்திரமாகப் போய்ச் சேரவில்லை. 1754 பிப்ரவரியில் கிள்ளுக்கோட்டையிலிருந்து புறப்பட்ட அணியை மைசூர், மராட்டியக் குதிரைகள் கூத்தைப்பார் அருகே வளைத்து நொறுக்கின. ஆங்கிலேயரின் தேர்ந்த வீரர்கள் அங்கேயே அழிந்தார்கள். தாக்கிய மைசூர்ப் படையில் அப்போது அதிகம் பேர் அறியாத ஓர் அதிகாரி இருந்தார். பெயர் ஹைதர் அலி.

● காடுதான் கோட்டைக்குச் சோறு போடுகிறது என்று எதிரிக்கும் புரிந்தது. அதே ஆண்டு கோடையில் பிரெஞ்சுத் தளபதி மைசின் தொண்டைமான் சீமைக்குள் படை எடுத்தார். மக்கள் முந்திக்கொண்டார்கள், ஆடு மாடுகளோடு காட்டுக்குள் போய்விட்டார்கள். கையில் அகப்பட்டது வெறும் வீடுகள். அவற்றைக் கொளுத்திவிட்டுப் போய்க் கிள்ளுக்கோட்டையைப் பிடித்தார். பிறகு தஞ்சாவூரை வாட்டக் கோயிலடி அருகே காவிரிக் கரையை உடைத்தார்.

● இத்தனைக்குப் பிறகும் திருச்சி விழவில்லை. 1754 ஆகஸ்டில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குப் பதிலாகப் புதிய ஆளுநர் புதுச்சேரியில் வந்து இறங்கினார். அக்டோபரில் சண்டை நின்றது. முகமது அலியே நவாபு என்று பிரெஞ்சுக்காரர்கள் முறைப்படி ஏற்றது 1763ல், பாரீஸ் உடன்படிக்கையில். ஆற்காட்டு நாற்காலிக்கான தீர்ப்பு அங்கே எழுதப்பட்டது!

● சரி, தொண்டைமானுக்கு என்ன கிடைத்தது? ஆங்கிலக் கம்பெனிக்குத் தொண்டைமான்கள் கப்பம் கட்டவில்லை. தென்னாட்டுப் பாளையங்களில் பல இருந்த இடம் தெரியாமல் போனபோது புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக 1948 மார்ச் 3 வரை நீடித்தது. அந்த நட்பின் விலையை மற்ற பாளையங்களின் பக்கமிருந்து பார்ப்பவர்கள் வேறு கணக்குச் சொல்வார்கள். 1799ல் கட்டபொம்மன் தொண்டைமான் சீமையில் பிடிபட்டு ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்ட பிறகு அந்தக் கணக்கைக் கேட்காத புதுக்கோட்டைக்காரர் கிடையாது. கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த நிலமும் பல்லாண்டு வழக்குக்குப் பிறகு 1803ல் தொண்டைமானுக்கு உறுதியாயின. நிபந்தனை: ஆண்டுக்கு ஒரு யானை கப்பம். அந்த யானையைக் கம்பெனி வற்புறுத்திக் கேட்கவே இல்லை. 1836ல் அதையும் முறைப்படி தள்ளுபடி செய்துவிட்டார்கள்.