வார்ப்பிலே உள்ள அடையாளம்

பழைய வண்டி வாங்கச் செல்வோர் காதில் தவறாமல் விழும் சொல் ‘ஹெவி டூட்டி’ என்பதாகும். அச்சொல்லுக்கு எடையும் இல்லை, அளவும் இல்லை. ஆயினும் தனி விலை மட்டும் உண்டு. அவ்விலையைச் சங்கத்தின் பொதுப்பணத்திலிருந்து கொடுக்க நேரும்போது, விற்பவர் வாய்ச்சொல்லை நம்பிக் கையொப்பமிடுதல் தகாது. இரும்பையே பார்த்துத் தெளியும் வழி உண்டு என்பதற்கு, அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியார் செய்த 9 அங்குலப் பின் அச்சு சிறந்த உதாரணமாகும்.

இவ்வச்சு 1957 முதல் 1986 வரை அவர்களுடைய கார்களிலும், அந்நாட்டு விவசாயிகள் பெரிதும் பயன்படுத்திய எஃப்-100 பிக்-அப் வண்டிகளிலும் பொருத்தப்பட்டது. ஒன்பது அங்குலம் என்பது உள்ளேயிருக்கும் கிரௌன் சக்கரத்தின் குறுக்களவு. கிரௌனையும் பினியனையும் தாங்கும் வார்ப்புக் கூடு தனியே செய்யப்பட்டு, அச்சின் முன்புறத்தில் பத்து நட்டுகளால் முடுக்கப்பட்டிருக்கும். சக்கரத் தண்டுகளைச் சிறிது வெளியே இழுத்துவிட்டால் கூடு முழுவதையும் முன்புறமாகக் கழற்றிவிடலாம். மெக்கானிக்குக்கு இது பெரும் வசதி. வாங்குகிறவருக்கோ இதுவே தொல்லை. ஒரே பகலில் ஒரு கூட்டை எடுத்துவிட்டு வேறொன்றை மாட்டிவிடலாம் அல்லவா? ஆகையால் கதவுத் தகட்டில் உள்ள குறி, வண்டி தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நாளின் செய்தியைத்தான் சொல்லும். நட்டு ஒன்றில் மாட்டியிருக்கும் சிறு தகடும் அத்தகையதே. சிட்டத்தின் மேலுள்ள சீட்டை நம்பாமல் நூலை எடை போட்டு நம்பர் பார்க்கும் நெசவாளருக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

முதலில், இது 9 அங்குலம்தானா என்று காணவேண்டும். இதே சாயலில் 8 அங்குல அச்சும் உண்டு. சிறியதில் எல்லா நட்டுகளுக்கும் பாக்ஸ் ஸ்பானர் நேராகச் செல்லும். பெரியதில் அடியிலுள்ள இரண்டு நட்டுகளுக்கு வார்ப்பே குறுக்கே நிற்கும்; சாதாரண ஸ்பானரைப் பக்கவாட்டில் நுழைத்தே திருப்ப முடியும்.

அடுத்தது கூட்டின் தரம். பெரும்பாலான கூடுகள் சாதாரணச் சாம்பல் வார்ப்பிரும்பால் ஆனவை. 1960-களின் நடுவிலிருந்து, ஆற்றல் மிகுந்த எஞ்சின்களுக்காக ‘நாடுலர்’ இரும்பில் வார்த்த கூடுகள் வந்தன. இவ்விரும்பு கீத் மில்லிஸ் என்பவர் 1943-இல் கண்டறிந்து, 1949-இல் காப்புரிமை பெற்றது. சாம்பல் இரும்பினுள் கரி மெல்லிய இதழ்களாகப் படிந்திருக்கும். விரிசல் அவ்விதழ் வழியே ஓடும். உருகிய இரும்பில் சிறிது மக்னீசியம் சேர்த்தால் அதே கரி உருண்டை உருண்டையாகத் திரள்கிறது. விரிசலுக்கு வழி கிடைப்பதில்லை. பாரம் ஏறும்போது பினியன் கிரௌனை விட்டு விலக முயலும். அந்தத் தள்ளுதலைத் தாங்குவது கூடுதான். பினியனின் பின் முனையைத் தாங்கும் சிறு பேரிங்குக்கான வார்ப்பு மிக மெல்லியது. சாதாரணக் கூடு விட்டுக்கொடுக்கும் இடங்களுள் அதுவும் ஒன்று.

நாடுலர் கூட்டின் மேற்புறத்தில், பினியன் இருக்கும் முன்பக்கமாக, ‘என்’ என்னும் ஆங்கில எழுத்து பெரிதாக வார்க்கப்பட்டிருக்கும். பல ஆண்டுக் கிரீஸும் மண்ணும் அதை மூடியிருக்கலாம். கம்பித் தூரிகையும் மண்ணெண்ணெயும் கொண்டு துடைத்துப் பாருங்கள். துடைக்க வேண்டாம் என்று விற்பவர் தடுப்பாராயின், அதுவே ஒரு பதில்.

எழுத்து ஒன்றை மட்டும் கண்டு திருப்தியடைய வேண்டாம். கூட்டைக் கழற்றும் வாய்ப்பிருந்தால் பக்கப் பேரிங்குகள் உட்காரும் துளையைக் காலிப்பரால் அளக்கவேண்டும்: சாதாரணக் கூட்டில் பெரும்பாலும் 2.891 அங்குலம், நாடுலர் கூட்டில் 3.062 அங்குலம். வெறுங்கூட்டைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் நாடுலர் இரும்பு மணிபோல் ஒலிக்கும். சாம்பல் இரும்பின் ஒலி உடனே அடங்கிவிடும். சந்தையில் பானை வாங்கும் நம் வீட்டுப் பெண்டிர் அறியாத வித்தையன்று இது. வார்ப்பு எண்ணின் முதலெழுத்து ‘சி’ ஆனால் 1960-கள், ‘டி’ ஆனால் 1970-கள்; அடுத்த இலக்கம் ஆண்டு. அது வடிவமைத்த ஆண்டேயன்றி வார்த்த நாள் அன்று. இக்காலத்தில் வேறு கம்பெனிகளும் நாடுலர் இரும்பில் இக்கூட்டைப் புதிதாக வார்த்து விற்கின்றன. அவை மட்டமானவை என்பதற்கில்லை; பழைய ஃபோர்டு வார்ப்பென்று சொல்லி விலை கேட்பதே தவறு.

கூடு உயர்ந்ததாயிருப்பதால் தண்டும் உயர்ந்ததென்று கொள்ளலாகாது. தண்டின் முனையில் 28 பற்களும் இருக்கலாம், 31 பற்களும் இருக்கலாம். பின்னது தடித்தது, வலியது. பல் விகிதத்தை அறியக் கணக்கு எளிது. வண்டியை நியூட்ரலில் வைத்து, கை பிரேக்கைத் தளர்த்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் சக்கரம் ஒன்றை மட்டும் உறுதியான தாங்கியில் உயர்த்துக. அச்சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றினால் புரொப்பெல்லர் ஷாப்ட் எத்தனை சுற்றுகிறதோ அதுவே விகிதம். மூன்றரை சுற்றினால் 3.50. கையால் சுற்ற இயலாதபடி சக்கரம் இறுகி நின்றால் உள்ளே ‘லாக்கிங்’ அமைப்பு இருக்கக்கூடும். அப்போது இரு சக்கரங்களையும் உயர்த்தி ஒரு சுற்றே சுற்றிப் பார்க்கவேண்டும்.

சாதாரண எஞ்சினுடன் மிதமான பாரம் சுமக்கும் வண்டிக்கு நாடுலர் கூடு அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம். சாதாரணக் கூடும் நன்கு உழைக்கும். மீதிப் பணத்தில் புதிய பேரிங்குகளும் ஆயில் சீலும் போடலாம். நாடுலர்தான் வேண்டுமென்று நிர்வாகக் குழு தீர்மானித்தால், பில்லில் ‘ஹெவி டூட்டி கூடு 1’ என்ற வாசகத்தை ஏற்காதீர்கள். மேற்புற எழுத்து, வார்ப்பு எண், துளையின் அளவு, தண்டின் பற்கள், எண்ணிப் பார்த்த விகிதம் ஆகிய ஐந்தையும் எழுதி வாங்கி, அவற்றையே தீர்மானப் புத்தகத்திலும் பதிவு செய்க.