பத்தாம் நாள் வரும் பயம்

பொழுது சாய்ந்து அடுப்புப் புகை அடங்கியதும் தேயிலைத் தோட்ட லயத்துக் கூரைத் தகரத்தின் அடியில் எலிகள் ஓடத் தொடங்கும். ஹட்டன் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பழகிய சத்தம். நாம் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் புறப்படும் விடியலில் நம் இரத்தத்தில் ஏறியிருக்கும் ஒரு சுரப்பு, எலிக்கு அந்த அந்தியில்தான் ஏறுகிறது. நமக்கு அது கார்ட்டிசோல். எலிக்கும் சுண்டெலிக்கும் கார்ட்டிகோஸ்டிரோன். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து வருகிறது. தூக்கத்திலிருந்து எழ உடலைத் தயார்படுத்துவதும் அதுதான், ஆபத்தில் ஓடுவதற்கு இரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டுவதும் அதுதான்.

சுரந்தது மூளைக்கே திரும்பிப் போகிறது. எலி மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி அதைப் பிடித்து வைத்துக்கொள்வதை நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்யூவன் 1968இல் கண்டார். நினைவுகளைச் சேர்க்கும் அந்தப் பகுதிக்கு இன்னொரு வேலையும் உண்டு: ‘போதும்’ என்று சுரப்பை அடக்குவது. ஆனால் நெருக்கடி ஓயாமல் நீண்டால், கினிகத்தேனை இறக்கத்தில் கொழுந்து லொறியின் பிரேக் தேய்வது போல அதுவே தேய்கிறது.

தேய்வதை நேரில் காட்டியவர்களில் ஒரு குழு பெங்களூரில் இருந்தது. அங்குள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழு, எலிகளை அசைய முடியாதபடி நாளுக்கு 2 மணி நேரம், 10 நாள் அடக்கி வைத்தது. 2002இல் வெளியான முடிவு இது: ஹிப்போகாம்பஸ் நரம்புகளின் கிளைகள் கவாத்து வெட்டிய தேயிலை போலக் குறுகியிருந்தன; பயத்தைக் கையாளும் அமிக்டலாவிலோ கிளைகள் நீண்டு வளர்ந்திருந்தன. நரம்புக்கு உரம் போன்ற பிடிஎன்எஃப் என்ற புரதமும் ஹிப்போகாம்பஸில் குறைந்து, அமிக்டலாவில் கூடியிருந்ததைப் பின்னர் கண்டார்கள். அடக்கி வைப்பதை நிறுத்தி 21 நாள் ஓய்வு கொடுத்தும் அமிக்டலா பழையபடி திரும்பவில்லை. ஒரே சுரப்பு, ஒரே மூளை. நினைவின் பக்கம் வாடுகிறது, பயத்தின் பக்கம் தழைக்கிறது.

என்னை அதைவிட அதிகம் உலுக்கியது 2005இல் அதே குழுவிடமிருந்து வந்த ஆய்வு. இம்முறை எலியை ஒரே ஒரு தடவை, 2 மணி நேரம் மட்டும் அடக்கி வைத்தார்கள். மறுநாள் எலியிடம் மாற்றமே இல்லை. பத்தாம் நாள் அதைக் கூட்டல் குறி வடிவில் உயரத்தில் நிறுத்திய பலகையில் விட்டார்கள். இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்கு இல்லை. எலி சுவரோரத்தை விட்டு வெளியே வரத் தயங்கியது. அமிக்டலாவின் நரம்புக் கிளைகளில் முட்கள் எனப்படும் சிறு புடைப்புகள் புதிதாக அரும்பியிருந்தன.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அதற்குப் பிறகு, இரவில் மழை பிடித்தால் பிள்ளைகளுக்குச் செருப்பை மாட்டிவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கும் அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். எலியின் மூளையை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும், “அன்றைக்கு நல்லாத்தானே இருந்தீங்க, இப்ப என்ன?” என்று அவர்களிடம் கேட்பவர்கள் அந்தப் பத்து நாளை நினைக்க வேண்டும்.

அப்படியானால் சுரப்புதான் எதிரியா? சட்டர்ஜியின் குழு மெக்யூவனோடு சேர்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், குடிதண்ணீரில் கார்ட்டிகோஸ்டிரோனைக் கலந்து முன்கூட்டியே கொடுத்துவிட்டு எலிகளை அடக்கி வைத்தார்கள். முட்கள் பெருகவில்லை. பத்தாம் நாள் அந்த எலிகள், நெருக்கடியே காணாத எலிகளைப் போலவே, சுவரில்லாத பலகைக்கும் நடந்து வந்தன.