பைக்குள் அடங்கும் காமிரா

காமிரா என்பது என்ன? ஓர் இருட்டுப் பெட்டி. முன்புறம் ஒரு லென்சு, பின்புறம் பிலிம், இடையே திறந்து மூடும் ஷட்டர். அவ்வளவுதான்! அப்படியானால் அதைத் தீப்பெட்டி அளவுக்குச் செய்து, தினமும் பையில் போட்டுக்கொண்டு திரியலாமே?

மாணவ நண்பர்களே, கைப்பேசியிலேயே படம் எடுக்கும் இந்த நாளிலும், பழைய பிலிம் காமிராவை வாங்கிப் பழக விரும்புவோர் உங்களில் உண்டு. “சிறியதாக, நாள்தோறும் உடன் கொண்டு செல்லத் தக்கதாக எதை வாங்கலாம்?” என்பது அவர்கள் கேள்வி. இதற்கு விடை விளம்பரத்தில் இல்லை, ஒளியியலில் இருக்கிறது. காமிரா சிறுக்கும்போது ஏதாவது ஒன்றை இழந்தே தீர வேண்டும். எதை இழக்கச் சம்மதம் என்று முடிவு செய்வதே காமிராவைத் தேர்ந்தெடுக்கும் முறை.

சிறிய பிலிம், பெரிய படம்

ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியவர் ஆஸ்கார் பர்னாக். அக்காலத்துக் கனமான தட்டுக் காமிராக்களைச் சுமந்து திரிவது ஆஸ்துமா நோயாளியான அவருக்குப் பெரும்பாடு. 35 மி.மீ. சினிமா பிலிமைப் பயன்படுத்தி, கைக்கு அடக்கமான ஒரு காமிராவை 1913-14-இல் அவர் செய்து பார்த்தார். சினிமாச் சட்டம் 18 × 24 மி.மீ.; அவர் அதை இரட்டித்து 24 × 36 மி.மீ. ஆக்கினார். 1925-இல் லைப்சிக் கண்காட்சியில் அது ‘லைகா’ என்ற பெயரில் அறிமுகமாயிற்று.

இதைவிடச் சிறிய பிலிமும் வந்தது. கோடக் நிறுவனம் 1972-இல் கொணர்ந்த 110 வகைப் பிலிமில் படத்தின் அளவு 13 × 17 மி.மீ. மட்டுமே. காமிரா மெலிந்தது, படம் என்ன ஆயிற்று? 18 செ.மீ. அகலமுள்ள அச்சுப்படம் வேண்டுமானால் 35 மி.மீ. பிலிமை 5 மடங்கு பெருக்கினால் போதும். 110 பிலிமையோ பத்து மடங்குக்கு மேல் பெருக்க வேண்டும். பிலிமிலுள்ள வெள்ளித் துகள்களும் அதே அளவு பெருகித் தெரியும். ஆகவே, சுமையும் தெளிவும் ஒத்துப்போகும் இடம் 35 மி.மீ. பிலிமே எனலாம்.

பெட்டியின் ஆழம்

தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் லென்சின் குவியத் தூரத்தில் விழும் என்று படித்திருக்கிறீர்கள். 40 மி.மீ. லென்சு என்றால் பிலிம் அதற்கு ஏறத்தாழ 40 மி.மீ. பின்னால் இருந்தாக வேண்டும். பெட்டியை அதைவிட மெலிதாக்குவது எப்படி? மூன்று காமிராக்கள் இதற்கு மூன்று விதமாக விடை சொல்கின்றன. மூன்றும் இன்று உற்பத்தியில் இல்லை, பழையனவாகவே கிடைக்கும்.

முதலாவது, ஹைன்ஸ் வாஸ்கெ வடிவமைத்து 1966-இல் வெளிவந்த ரோலை 35. மூடிய நிலையில் இதன் தடிப்பு சுமார் 32 மி.மீ.; லென்சின் குவியத் தூரமோ 40 மி.மீ.! லென்சுக் குழாயை வெளியே இழுத்து, திருகிப் பூட்டிய பிறகே படம் எடுக்க முடியும்.

இரண்டாவது, 1967-இல் வந்த ஒலிம்பஸ் ட்ரிப் 35. இதிலும் 40 மி.மீ. லென்சுதான், அது எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சட்டைப் பைக்குள் நுழையாது. தோள் பையில் கிடக்கும்.

மூன்றாவது, யோஷிஹிசா மைதானி வடிவமைத்து 1979-இல் வந்த ஒலிம்பஸ் எக்ஸ்ஏ. இதன் குவியத் தூரம் 35 மி.மீ.; ஆனால் லென்சின் முன்முகத்திலிருந்து பிலிம் வரை 31 மி.மீ.தான்! முன்னே குவிக்கும் லென்சுகளும் பின்னே விரிக்கும் லென்சும் அமைத்தால், கணக்குக்குரிய முதன்மைத் தளம் முன்னால் நகர்ந்துவிடும். தொலைநோக்கு லென்சின் இத்தத்துவத்தால் லென்சு முழுவதும் ஒரு நகரும் மூடிக்குள் அடங்குகிறது. காமிராவின் எடை சுமார் 225 கிராம். மற்ற இரண்டும் 400 கிராமை நெருங்குபவை.

எவ்வளவு தூரம் கூர்மை?

சிறிய காமிராவுக்கு இயற்கை தரும் ஒரு பரிசு உண்டு. குவியத் தூரம் குறைந்தால் கூர்மையாகத் தெரியும் ஆழம் கூடும். குவியத் தூரத்தின் வர்க்கத்தை எஃப்-எண்ணாலும், கண் பொறுத்துக்கொள்ளும் மங்கல் வட்டத்தின் விட்டத்தாலும் (சுமார் 0.03 மி.மீ.) வகுத்துப் பாருங்கள். 40 மி.மீ. லென்சை எஃப் 8-இல் வைத்தால்,

40 × 40 ÷ (8 × 0.03) = சுமார் 6,700 மி.மீ.

அதாவது 6.7 மீட்டர். தூர அளவை அங்கே நிறுத்திவிட்டால், அதில் பாதியான 3.3 மீட்டரிலிருந்து அடிவானம் வரை யாவும் கூர்மை. நண்பர்கள் பந்தாடும்போது குவியம் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, எடுத்தவுடன் அழுத்தலாம். 35 மி.மீ. லென்சுக்கு இந்த எல்லை 2.6 மீட்டரிலேயே தொடங்கிவிடும்.

வெளிச்சம் குறைந்து, துவாரத்தை எஃப் 2.8 வரை திறந்தாலோ நிலைமை தலைகீழ். 2 மீட்டர் தொலைவில் நிற்கும் தோழரை 40 மி.மீ. லென்சால் எடுத்தால், கூர்மை ஏறக்குறைய 1.8 மீட்டரிலிருந்து 2.2 மீட்டர் வரைதான். ரோலையில் தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டே வைக்க வேண்டும். ட்ரிப்பில் தலை, குழு, மலை போன்ற நான்கு குறிகள் உண்டு, அவையும் மதிப்பீடே. எக்ஸ்ஏயில் மட்டும் ரேஞ்ச்ஃபைண்டர் எனும் தொலைவுமானி இருக்கிறது. நம் இரு கண்களைப் போல இரு சாளரங்கள் வழியே பார்த்து, இரு பிம்பங்களும் ஒன்றும்போது தூரம் சரியென்று காட்டும்.

வெளிச்சத்தை அளப்பது யார்?

ட்ரிப்பின் லென்சைச் சுற்றி ஒரு செலினியம் வளையம் இருக்கிறது. ஒளி பட்டால் அதுவே மின்னோட்டம் தரும். அந்த மின்னோட்டம் ஒரு கால்வனாமீட்டர் முள்ளை நகர்த்தும். முள் நிற்கும் இடம் துவாரத்தின் அளவைத் தீர்மானிக்கும். பாட்டரியே வேண்டாம்! ஆனால் ஷட்டருக்கு 1/40, 1/200 விநாடி என இரண்டே வேகங்கள். ஒளி போதாவிட்டால் சாளரத்தில் சிவப்புக் கொடி எழும். படம் எடுக்க மறுத்துவிடும்.

எக்ஸ்ஏ சிறு பொத்தான் பாட்டரிகளால் இயங்குவது. துவாரத்தை நாம் வைத்தால் ஷட்டர் வேகத்தை அது தேர்ந்தெடுக்கும். பாட்டரி தீர்ந்தால் படமில்லை. ரோலையின் ஒளிமானிக்கு 1.35 வோல்ட் பாதரசப் பாட்டரி வேண்டும். அது இப்போது விற்பனையில் இல்லை. 1.5 வோல்ட் பாட்டரி போட்டால் அளவு பிழையாகும். எனினும் ஷட்டர் முழுதும் எந்திர அமைப்பு என்பதால் ஒளிமானி இல்லாமலே இயங்கும். நல்ல வெயிலில் எஃப் 16 வைத்து, பிலிமின் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்கு நெருங்கிய வேகம் வையுங்கள்: ஐ.எஸ்.ஓ. 400 என்றால் 1/500 விநாடி. இந்த ஒரு விதி போதும்.

இரவில் ஒரு விளக்கு எரியும் அறையில் ஐ.எஸ்.ஓ. 400 பிலிமும் எஃப் 2.8 துவாரமும் இருந்தால்கூடச் சுமார் 1/15 விநாடி தேவைப்படும். கை நடுங்காமல் எடுக்க 1/40 விநாடியாவது வேண்டும். மூன்று காமிராக்களுமே இங்கு தோற்கும்; மேசை மேல் வைத்துத்தான் எடுக்க வேண்டும். பைக்குள் அடங்க நாம் தரும் விலை இதுதான்.

எதை வாங்குவது?

பகலில், வெளியில், கவலையின்றி எடுப்பவருக்கு ட்ரிப். எப்போதும் சட்டைப் பையிலேயே இருக்க வேண்டுமென்றால் எக்ஸ்ஏ. ஆனால் அதன் மின்னணுச் சுற்று பழுதானால் சீர் செய்வது கடினம். ஒளியையும் தூரத்தையும் தானே மதிப்பிடக் கற்க விரும்புபவருக்கு ரோலை. தொடங்கும் மாணவருக்கு என் பரிந்துரை ட்ரிப். வாங்குமுன் ‘ஏ’ குறியில் வைத்து, செலினியம் வளையத்தைக் கையால் மூடிப் பொத்தானை அழுத்துங்கள். சிவப்புக் கொடி எழ வேண்டும். வெளிச்சத்தில் கொடி எழாமல் ஷட்டர் திறக்க வேண்டும். இரண்டும் நடந்தால் வளையத்துக்கு உயிர் இருக்கிறது.

காமிரா கைக்கு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். சுவர், மரம், நண்பர் எது எதிர்ப்பட்டாலும் எத்தனை மீட்டர் என்று மனத்தில் சொல்லிவிட்டு, நாடாவால் அளந்து பாருங்கள். பழகப் பழகப் பிழை குறையும். ஒரு சுருளில் 36 படங்கள்தானே! ஒன்றையும் வீணாக்காத கண் உங்களிடம் இருந்தால், எந்தச் சிறிய காமிராவும் போதும்.