மனிதப்பண்பேற்றம்: ஓவியத்திலும் ஒலிக்கதையிலும்

மனிதப்பண்பேற்றம் என்பது விலங்கு, பறவை, மரம், இயந்திரம் முதலிய மனிதரல்லாதவற்றுக்கு மனிதரின் பேச்சு, எண்ணம், உணர்ச்சி, உடை, நடத்தை ஆகியவற்றை ஏற்றிக் காட்டும் கலை உத்தியாகும். பஞ்சதந்திரம் போன்ற நீதிக்கதைகள், சிற்பம், ஓவியம், கேலிச்சித்திரம், அசைவூட்டப்படம், வானொலிக் கதை எனப் பல வடிவங்களில் இது பயன்படுகிறது.

ஓவியமும் ஒலிக்கதையும் இந்த உத்தியை எதிரெதிர்த் திசைகளில் கையாள்கின்றன. ஓவியத்தில் விலங்கின் உருவம் கண்முன் இருக்கிறது. அதனுடன் மனிதத்தன்மையைச் சேர்க்க வேண்டும். ஒலிக்கதையில் கேட்கும் குரல் மனிதருடையது. அதனுடன் விலங்குத்தன்மையைச் சேர்க்க வேண்டும்.

ஓவியமும் சிற்பமும்

மாமல்லபுரத்தில் அருச்சுனன் தபசு எனப்படும் பல்லவர் காலப் பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் செய்கிறது. அருகே எலிகள் உள்ளன. பூனைக்கு உடையோ அணிகலனோ இல்லை. மேலே தவம் செய்யும் முனிவரின் நிலையை அது அப்படியே பின்பற்றுவதே அதற்கு மனிதத்தன்மையைத் தருகிறது. தவசிப் பூனையின் கதை மகாபாரதத்தின் உத்தியோக பருவத்திலும் வருகிறது. பொய்த் துறவியை 'ருத்திராட்சப் பூனை' என்று சொல்லும் தமிழ் வழக்கும் இதே கருத்தை உடையது.

ஜப்பானின் கியோட்டோ நகரிலுள்ள கோசான்ஜி கோவிலுக்குரிய 'சோஜூ கிகா' நான்கு ஓவியச் சுருள்களைக் கொண்டது. இவை 12, 13ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. முதற்சுருளில் தவளையும் முயலும் மற்போர் செய்கின்றன. துறவியாடை அணிந்த குரங்கு, புத்தரைப்போல் அமர்ந்த தவளையின் முன் வழிபாடு நடத்துகிறது. சுருளில் விளக்க உரை எதுவும் இல்லை. மனிதரை வரைந்து சொல்லத் தயங்கும் கேலியை விலங்கின்மேல் ஏற்றிச் சொல்ல முடியும் என்பதற்கு இவ்விரு படைப்புகளும் சான்றாகும்.

ஒலிக்கதை

ரஷ்ய இசையமைப்பாளர் செர்கே புரோகோஃபியெவ் 1936-இல் சிறுவர்களுக்காகப் 'பீட்டரும் ஓநாயும்' என்ற படைப்பை உருவாக்கினார். ஏறத்தாழ அரைமணி நேரம் நீளும் இதில் கதைசொல்லி ஒருவரே பேசுகிறார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி இசைக்கருவி உண்டு: பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்குப் பசூன், ஓநாய்க்கு மூன்று பிரெஞ்சு ஹார்ன்கள், பீட்டருக்கு நரம்புக்கருவிகள். பறவைக்கும் வாத்துக்கும் நடக்கும் வாக்குவாதத்தைக் கருவிகளின் ஒலியிலேயே பின்தொடரலாம். விழுங்கப்பட்ட வாத்து ஓநாயின் வயிற்றுக்குள் உயிரோடு இருப்பதை இறுதியில் மீண்டும் வரும் ஓபோ உணர்த்துகிறது.

குரலை மாற்றும் நுட்பங்கள்

மனிதப் பேச்சில் இரு வேலைகள் நடக்கின்றன. குரல்நாண்கள் ஒலியை எழுப்புகின்றன. நாக்கும் உதடும் வாயறையும் அவ்வொலியைச் சொற்களாக வடிக்கின்றன. கில்பர்ட் ரைட் உருவாக்கிய சோனோவாக்ஸ் கருவி இவ்விரண்டையும் பிரித்தது. நடிகரின் தொண்டையின் இருபுறமும் சிறு ஒலிபெருக்கிகள் வைக்கப்படும். அவற்றின் வழியே ரயிலின் ஒலியோ பியானோவின் ஒலியோ தொண்டைக்குள் செலுத்தப்படும். நடிகர் குரல் எழுப்பாமல் வாயை மட்டும் அசைப்பார். ரயிலே பேசுவதுபோல் கேட்கும். 1941-இல் வெளிவந்த 'டம்போ' திரைப்படத்தின் ரயிலுக்கு இம்முறையே பயன்பட்டது. 1940களின் பிற்பகுதியில் கேப்பிட்டல் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட 'ஸ்பார்க்கி' இசைத்தட்டுக் கதைகளில் ரயிலும் பியானோவும் சிறுவனுடன் பேசின.

1958-இல் ராஸ் பாக்தாசரியன் எளிய வழி ஒன்றைக் கையாண்டார். ஒலிநாடாவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு மெதுவாகப் பாடிப் பதிவு செய்தார்; பின்னர் அதை இயல்பான வேகத்தில் ஒலிக்கச் செய்தார். சுருதி இருமடங்காக உயர, சிப்மங்க் எனப்படும் சிறு அணில்களின் குரல் பிறந்தது. சிறிய உடலுக்கு மெல்லிய குரலும் பெரிய உடலுக்குக் கனத்த குரலும் பொருந்தும் என்ற நம் அன்றாட அனுபவமே இதற்கு அடிப்படை. இப்பாடல் முதலாவது கிராமி விருது விழாவில் மூன்று விருதுகளைப் பெற்றது.

கற்பித்தலில் பயனும் எச்சரிக்கையும்

பேசும் விலங்குகள் குழந்தைகளைக் கதைக்குள் எளிதில் இழுக்கின்றன. ஆனால் அறிவியல் செய்தியைக் கற்பிக்கும்போது இவ்வுத்தி இடையூறாகலாம். டொரண்டோ பல்கலைக்கழகத்தின் பாட்ரிசியா கேனியாவும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குழந்தைகள் முன்பின் அறியாத விலங்குகளைப் பற்றிய படநூல்கள் அதில் பயன்படுத்தப்பட்டன. விலங்குகளை மனிதரைப்போல் வருணித்த நூல்களைக் கேட்ட குழந்தைகள், அவ்விலங்குகளைப் பற்றிய உண்மைச் செய்திகளைக் குறைவாகவே கற்றனர். உண்மையான விலங்குகளுக்கும் மனிதக் குணங்கள் உண்டு என்று கூறும் போக்கும் அவர்களிடம் மிகுந்திருந்தது.

ஓநாய் கொடியது, நரி தந்திரமானது என்பன கதை மரபுகளே. விலங்கியல் உண்மைகள் அல்ல. ஓநாய் உணவுக்காக வேட்டையாடுகிறது. அதில் நல்லது கெட்டது என்ற எண்ணத்துக்கு இடமில்லை. ஆகவே நீதியையும் மனித இயல்பையும் உணர்த்தப் பேசும் விலங்கு ஏற்றது. விலங்கின் வாழ்க்கையைக் கற்பிக்கும்போதோ, கதை முடிந்தபின் அதன் உண்மையான உணவு, வாழிடம், ஒலி ஆகியவற்றைத் தனியே எடுத்துக்கூறுவது நல்லது.